ழகரம் விழுங்கிய மைக்

எங்கள் வீட்டுச் சண்டைக்காரி, என் விமலாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்று கோபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் கொட்டித் தீர்க்காவிட்டால் என் மண்டை வெடித்துவிடும். வேறு யாரிடம் சொன்னாலும், "ஒரு மைக்குக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்கிறார்கள். நீ அப்படிக் கேட்கமாட்டாய். என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்டுவிட்டு, என்னைவிட ஒரு பங்கு அதிகமாகக் கத்துவாய்.

செல்விதான் தொடக்கம். நீலசந்திராவில் இருக்கும் உன் செல்வி, பிறவியிலேயே பார்வை இல்லாதவள், அஞ்சல் வழியில் தமிழ்ப் பட்டம் படிக்கிறவள். நீ அவளுக்குப் பாடங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தாய் அல்லவா? இலக்கணப் புத்தகம் பாதியில் நின்றுபோனது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு ஒருநாள் அவள் போன் செய்தாள். உன்னைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"அண்ணி, அக்கா விட்ட எடத்துலேர்ந்து நீங்க படிச்சுக் குடுக்கறீங்களா? பரீட்சை வருது."

சரி என்றேன். நீ எத்தனை வருடம் என்னைக் கேலி செய்திருப்பாய்! "வாளப்பளம் இல்ல அண்ணி, வாழைப்பழம். நாக்க மடிங்க." கல்யாணமாகி வந்த புதிதில் உன்னைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலிலேயே ழகரம் எனக்கு வந்துவிட்டது. இப்போது பார், நீ விட்ட இடத்தில் என்ன பாடம் இருந்தது தெரியுமா? மயங்கொலிகள். ல, ள, ழ. இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

உன் பழைய ஹெட்செட்டின் ஒயர் காதருகே பிய்ந்து, தொட்டால் கரகரத்தது. உன் அண்ணன் அல்சூரில் நம் தெருமுனைக் கடைக்குப் போய் ஒயர்லெஸ் ஹெட்செட் ஒன்று வாங்கி வந்தார். "ஒயரெல்லாம் போன காலம் சார்" என்று கடையில் சொன்னார்களாம். பளிங்கு மாதிரித் தெளிவான குரல் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்க்க விறுவிறுக்க ஒரு பாடம் முழுவதையும் படித்தேன். முடித்துவிட்டு லேப்டாப் திரையைப் பார்க்கிறேன், குரலுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டிய கோடு நூல் பிடித்தது போல நேராகக் கிடக்கிறது. ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. போட்டுக் கேட்டால் நிசப்தம். என்ன அநியாயம் இது! மைக் எடுக்கவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டாமா? சிவப்பு விளக்கு எரிய, நொடிகள் ஓட, பதிவாகிறது பதிவாகிறது என்று கடைசிவரை பாசாங்கு செய்தது அந்தப் பதிவு மென்பொருள்.

போனில் அதே மைக் நன்றாகப் பேசியது. லேப்டாப்பில் பாட்டுப் போட்டால் காதில் கேட்டது. என் குரல் மட்டும் உள்ளே போகவில்லை. ஹெட்செட் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"போன்ல ஒர்க் ஆகுதா மேடம்? அப்போ ஹெட்செட்ல ப்ராப்ளம் இல்ல. லேப்டாப்ப செக் பண்ணுங்க."

லேப்டாப் கம்பெனிக்குப் போன் செய்தேன். "ஹெட்செட் எங்களது இல்லையே மேடம்" என்றார்கள். சொல்லிவிட்டு, ஒரு அறிவுரையும் கொடுத்தான் போனில் பேசிய பையன்: "வீட்ல சின்னவங்க யாராச்சும் இருந்தாக் காட்டுங்க மேடம்." விமலா, ஆபீஸில் அத்தனை வருடக் கணக்கையும் கம்ப்யூட்டரில் போட்டு ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பையன் பால் குடிக்கும்போதே நான் கீபோர்டில் கைவைத்தவள். அவனிடம் அதைச் சொன்னேன். "ஓகே மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றான். முதல் உதவியே இன்னும் வரவில்லையப்பா என்று வைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் நவீன் கூப்பிட்டான். உன் பதிவுகளையெல்லாம் வாங்கிச் செல்விக்கு அனுப்பும் அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளன். நான் படித்துத் தருவதாகச் சொன்ன பாடம் இன்னும் வரவில்லையே என்றான். மைக் எடுக்கவில்லை, சரி செய்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

"எதுக்கு மேடம் கஷ்டம்? மெஷின் வாய்ஸ் போட்டுக்கலாம். புக் மொத்தமும் சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"செல்வி ஏற்கெனவே கேட்டுப் பாத்திருக்கா. அதுல ல, ள, ழ மூணும் ஒண்ணாத்தான் கேக்குதாம். கண்ணு தெரியாத பொண்ணு காதால கேட்டுத்தான எழுத்தையே கத்துக்கணும்?"

அவன் விடவில்லை. "அப்போ விமலா மேடம் வாய்ஸே போட்டுடலாமே? அவங்க ஃபைல்ஸ் நெறைய இருக்கு. மெஷினுக்குக் கத்துக் குடுத்தாப் போதும், அவங்களே படிக்கற மாதிரி இருக்கும். உங்களுக்கும் ஒரு ஆறுதல்."

ஆறுதலாம்! நீ ஒரு வரி புரியாவிட்டால் பதிவை நிறுத்திவிட்டு, செல்விக்குப் போன் போட்டு, அவளோடு அதைச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டு பிறகுதான் அடுத்த வரியைப் படிப்பாய். ஒன்றுமே புரியாத ஒன்று உன் தொண்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்டபடி படிக்குமா? அதைச் செல்வி நீ என்று நம்பிக் கேட்பாளா? "அவ செத்துட்டா தம்பி. அவள வேலை வாங்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உன் அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். மெதுவாக, "மெஷினாவே இருந்தாலும், ஒரே ஒரு தடவ அவ குரலக் கேட்டா தப்பா?" என்றார்.

நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. உன் பழைய பதிவு ஒன்றை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டு, "இது நெஜம். இதைக் கேளுங்க" என்றேன். அவர் கேட்டார். நடுவில் நீ ஒரு இடத்தில் தும்மிவிட்டு, "ஐயோ, மன்னிச்சுக்கோ செல்வி" என்று சொல்வாயே, அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அவர் கேட்டது தப்பா, சொல். எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதன் பிறகு எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். மென்பொருளைத் திறந்த பிறகு ஹெட்செட்டை இணைத்தால் அதற்குக் கண்ணே தெரியாதாம், மூடித் திறந்தேன். இப்போது மைக் பட்டியலில் அதன் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்தேன். அப்போதும் கோடு அசையவில்லை. கணினியின் அமைப்புகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் தனியுரிமை என்ற பகுதியில், மைக்குக்கு உள்ளே, பக்கத்தின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச். செயலிகள் மைக்கைத் தொடலாமா என்று கேட்பது. அது அணைந்து கிடந்தது! நான் அணைக்கவில்லை. என்னைக் கேட்காமல் ஏதோ ஒரு அப்டேட் வந்து என் வாயைப் பொத்திவிட்டுப் போயிருக்கிறது. அதைத் தட்டிவிட்டு "அடப்பாவி" என்றேன். கோடு எகிறிக் குதித்தது.

பாடத்தை மறுபடி படித்துச் செல்விக்கு அனுப்பினேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு. வலி, வளி, வழின்னு படிச்சீங்கல்ல, எது எதுன்னு தெரியல."

நான் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். நான் நாக்கை மடித்த மடிப்பெல்லாம் வீண். விசாரித்துப் படித்த பிறகு விஷயம் புரிந்தது. இந்த மாதிரி ஒயர்லெஸ் ஹெட்செட் பலவற்றில், வெறுமனே காதில் கேட்கும்வரை ஒலி நன்றாக இருக்குமாம். மைக்கைத் திறந்த கணமே தரம் பழைய டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடுமாம். வியாபாரம் பேச அது போதும். எழுத்துக் கற்க? பளிங்கு என்று பெட்டியில் போடத் தெரிந்தவர்களுக்கு, இதைப் போட இடமா இல்லை?

பெட்டியோடு கடைக்குப் போனேன். மேனேஜர் மாற்ற முடியாது என்றார். பீஸ் நல்லா ஒர்க் ஆகுது, டிஃபெக்ட் இல்லை என்றார். நான் குரலை உயர்த்தினேன்.

"மேடம், சொல்ப... கொஞ்சம் மெதுவா. கஸ்டமர்ஸ் இருக்காங்க."

"நல்லது, அவங்களும் கேக்கட்டும். உங்க லேப்டாப்ப குடுங்க."

அவருடைய மேசையிலேயே இணைத்து, மூன்று சொல்லையும் வரிசை மாற்றிப் படித்துப் பதிவு செய்தேன். போட்டுக் காட்டி, எது எது என்று கேட்டேன். பில் போடும் பெண் தமிழ்ப் பெண்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு சுவரில் தொங்கிய சாதாரண ஒயர் ஹெட்செட் ஒன்றைக் காட்டி, அதை எடுக்கச் சொன்னேன். அதே மூன்று சொல். இந்த முறை அந்தப் பெண் பட்டென்று, "மொதல்ல வழி, அப்புறம் வலி, கடைசில வளி" என்றாள். மேனேஜர் கன்னடக்காரர். அவர் தானாகவே காதில் மாட்டி இரண்டையும் கேட்டார்.

"எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது மேடம்" என்றார். "ஆனா இதுல மூணும் பேரெ பேரெ." வேறுவேறு என்பதைத் தன் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டு, ஒயர் ஹெட்செட்டை என் கையில் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, விமலா. பெட்டியில் எழுதியவன் கிடைத்தால்தான் பேச வேண்டியிருக்கிறது.

நேற்று செல்வி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, இப்ப மூணும் மூணாக் கேக்குது. சூப்பர். ஒண்ணு சொல்லவா? அக்கா படிச்சா இதமா இருக்கும், நடுவுல தூங்கிடுவேன். நீங்க யாரையோ திட்டற மாதிரியே படிக்கறீங்க. தூக்கமே வரல. பாடம் மனசுல ஏறிடுச்சு."

உன் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நானும்தான். சிரித்து முடித்ததும் வீடு எப்படி அமைதியானது என்பதை மட்டும் உன்னிடம் சொல்லப் போவதில்லை.

நவீனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், உன் பதிவுகளை எந்த மெஷினுக்கும் கொடுக்கக்கூடாது என்று. "சரி மேடம்" என்றான். அந்த 'சரி'யில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அதனால் அடிக்கடி போன் செய்து கேட்டுக்கொண்டே இருப்பேன். தொல்லை பிடித்த கிழவி என்று நினைக்கட்டும்.

புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை நானே படிப்பேன், திட்டுகிற குரலிலேயே. நீ தும்மியது உட்பட, நீ சொன்னதெல்லாம் உன்னுடையதாகவே இருக்கும். நீ படிக்காத ஒரு சொல்லைக்கூட உன் குரலில் யாரும் சொல்ல விடமாட்டேன். இது சத்தியம்.

நாக்கை மடிக்கக் கற்றுக்கொண்ட
உன் அண்ணி,
சரோஜா