சீனக் கசாயமும் ஆறு குளிசைகளும்

மொன்றியல்
09.03.2004

அன்புத் தம்பி யோசெப்புக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் கால்கள் வீங்காமலும், படுத்தால் மூச்சு முட்டாமலும் இருக்க மடுமாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். அக்னெசுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நான் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. கவலை உன்னைப் பற்றித்தான்.

சென்ற மாதம் ஊருக்கு வந்த திரேசம்மாவிடம் சீன மருந்துப் பொட்டலமும் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினேன் அல்லவா? கசாயத்தைக் குடி, ஆஸ்பத்திரிக் குளிசைகளை ஒதுக்கி வை என்று அதில் எழுதியிருந்தேன். அது பிழை. பொட்டலத்தை இனி அடுப்பில் ஏற்றாதே. உடனே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் நடந்ததைச் சொல்லி, குளிசைகளைத் திரும்பத் தொடங்கு. மிச்சக் கடிதத்தைப் போய் வந்த பிறகு வாசித்தாலும் போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். என் இருதயமும் உன்னுடையதைப் போலப் பலவீனம் என்று தெரிந்த நாளில் இருந்து ஆறு குளிசை போடுகிறேன். ஜனவரியில் மகள் நிரஞ்சனி என்னை டவுன்டவுன் பக்கம் இருக்கும் சீன வைத்தியரிடம் கூட்டிப் போனாள். நல்ல மனிதர். நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார். வேர், பட்டை, காய்ந்த பழம் என்று நிறுத்துக் கட்டித் தந்தார். என் குளிசைகளின் பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றையும் நிறுத்த வேண்டாம், ஆஸ்பத்திரி டொக்டருக்கும் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நிரஞ்சனி அதைத் தமிழில் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னாள்.

நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என் எண்ணப்படி செய்தேன். கசாயம் குடிக்கும்போது இங்கிலிசு மருந்து தொடக்கூடாது என்பது எங்கள் பத்தியம். அம்மா மஞ்சட்காமாலைக்கு எங்களை எப்படிக் கட்டுப்படுத்தினா என்று உனக்கு மறந்திருக்காது. பத்தியத்தைப் பற்றிச் சீனனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நல்லெண்ணெயைக் கூடத் தள்ளி வைத்தேன் என்றால் பாரேன். டோர்வல் ஏர்போட்டில் விமானச் சாப்பாடு சமைத்துப் பதினாறு வருடம் மற்றவர்களை அதட்டியவன் ஒரு வைத்தியர் சொன்னதைக் கேட்பேனா?

முதல் பத்து நாள் உடம்பு காற்றாக இருந்தது. மெற்றோப் படிகளில் நிற்காமல் ஏறினேன். அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் உனக்கு எழுதினேன். பேந்து, சில நாளில், கால் சப்பாத்துக்குள் போக மறுத்தது. ஒரு கிழமையில் ஐந்து கிலோ கூடினேன். உன் சமையல்தான் காரணம் என்று என் மனுசி அல்போன்சம்மாவை நக்கலடித்தேன், அவள் சிரிக்கவில்லை. கடைசியில் கதிரையில் நிமிர்ந்து இருந்தாலும் மூச்சு வரவில்லை. அம்புலன்ஸ் வந்தது.

நுரையீரலில் நீர். குளிசைகளை நிறுத்தியதுதான் காரணம் என்றார் டொக்டர். அந்த மூலிகைகளில் அதிமதுரமும் இருக்கிறதாம். அதை நாள்தோறும் குடித்தால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு உடம்பில் நீர் தங்குமாம். சீன மருந்து இருதயத்துக்கு உதவுமா என்று இன்னும் ஆராய்கிறார்களாம், ஆனால் குளிசைக்குப் பதிலாக அதைக் குடிக்கச் சொன்னவர் யாரும் இல்லையாம். சொன்னவன் நான் ஒருவன்தானே.

ஆஸ்பத்திரியில் இருந்து உனக்குத் தொலைபேசி எடுத்தேன். தவக்காலம் தொடங்கின விபூதிப் புதனோடு குளிசையை விட்டுவிட்டேன் என்று நீ சந்தோசமாகச் சொன்னாய். திரும்பப் போடு என்று கத்தினேன். “அண்ணை, பிள்ளையள் உங்களை வெருட்டிக் கதைக்க வைக்கினம்” என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று தடவை எடுத்தேன், நீ தொலைபேசிக் கடைக்கு வரவே இல்லை என்று கடைக்காரப் பெடியன் சொன்னான். என் கையெழுத்தைத்தான் நீ நம்புவாய். இது என் கையெழுத்து. பக்கத்தில் யாரும் இல்லை. நிரஞ்சனி வேலைக்குப் போய்விட்டாள், அல்போன்சம்மா கோவிலுக்குச் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போயிருக்கிறாள்.

அக்னெஸ், நீயும் இதை வாசி. அவர் மறுத்தால் என் பெயரைச் சொல்லி ஏசு. கால் வீங்கினாலோ நிறை கூடினாலோ அவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிராமல் வாகனம் பிடி. இதைக் கொண்டு வரும் டனிஸ்ரன் எங்கள் கோவில் பெடியன். யோசெப் குளிசை போடுவதைக் கண்ணால் கண்ட பிறகே எழும்பி வரவேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். தேத்தண்ணியாவது கொடுங்கள்.

யோசெப், ஒன்று சொல்லவேண்டும். அம்புலன்சில் மூச்சு முட்டியபோது சாவு எனக்குப் பயமாக இருக்கவில்லை. திரேசம்மா இதற்குள் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாவே என்றுதான் பயந்தேன். சின்ன வயதில் இருந்து நான் சொன்ன ஒன்றையும் நீ தட்டியதில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதுதான் எனக்குப் பயம்.

நான் பிழை விட்டேன், தம்பி. மடுமாதா உன் நெஞ்சில் கை வைத்துக் காக்கட்டும். அண்ணன் சொல்வதை இன்னும் ஒரே ஒரு தடவை கேள்.

உன் அண்ணன்,
அருமைராசா