பாதி நலம்

கோபக்காரிக்கு,

உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பாதி நலம் என்று வைத்துக்கொள்.

"சுவரோட எவ்வளவு நாள்தான் பேசுறது?" என்று கேட்டுவிட்டு நீ போன பிறகு, நீ போகச் சொல்லி நச்சரித்த அந்த மனநல டாக்டரிடம் ஒருவழியாகப் போனேன். மாத்திரை கொடுத்தார். அதோடு விட்டாரா? ரத்தம், தைராய்டு, தூக்கம், நடை, சாப்பாடு என்று குடைந்து எடுத்துவிட்டார்.

"மனசு சரியில்லன்னு வந்தா வயித்தைப் பத்தி எதுக்கு சார் கேக்குறீங்க?" என்றேன்.

"லிஃப்ட் நின்னுட்டா நீங்க மோட்டாரை மட்டுமா பாப்பீங்க?" என்று என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்தார்.

கடைசியாக, "ராத்திரி யாரோட சாப்பிடுறீங்க?" என்றார். அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே அள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வீட்டுக்காரியோடதான்" என்றேன்.

மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாதி வைத்தியமே அதுதான். அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க, பேசணும்" என்று சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். உன்னை வா என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அவர் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் பல மாதமாக ஓடவில்லை. உன் முழங்கால் படி ஏறாது. நேற்று லீவு போட்டு, நானே போய் அதைச் சரிசெய்துவிட்டேன்.

இன்னமும் உன்
வீட்டுக்காரன்