மேகவல்லியின் நரை

என் அன்பான நாகம்மா,

நீர் போய் எட்டு மாதமாகிறது. உமக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது பத்திரிகையிலேயே எழுதுகிறேன். செத்துப்போன மனைவிக்கு ஊர் பார்க்கக் கடிதம் எழுதுகிறான் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். எனக்குக் களைப்பாக இருக்கிறது. வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

முதலில் வாசகர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீர் கோபிக்க வேண்டாம். மூன்று வருடமாக இந்தப் பத்திரிகையில் மாதாமாதம் வந்த ‘ஏழாம் தீவு’ தொடர்கதையை எழுதியவன் நான் இல்லை. படம் அச்சடிக்க மரக்கட்டை செதுக்கி வெட்டியது மட்டும்தான் என் வேலை. கதை முழுவதும் என் மனைவி நாகம்மாவுடையது.

“பேர் உங்கடை கிடக்கட்டும். மனுசி கதை எழுதிறாளாம் எண்டு ஊர் பகிடி பண்ணும். எனக்கேன் அந்தக் கரைச்சல்?” என்று நீர்தான் சொன்னீர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். கோயில் வீதியில் யாராவது என்னைப் பிடித்து, மேகவல்லி இனி என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டால், எல்லாம் தெரிந்தவனைப்போலத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உம்மிடம் கேட்டால் நீர் சொல்லமாட்டீர். எனக்கும் மாதமுடிவில்தான் தெரியும்.

கதையில் மந்திரக்காரி மேகவல்லிக்கு ஒரு சட்டம் உண்டு. அவள் மந்திரம் சொன்னால் அவளுடைய ஆயுளில் கொஞ்சம் கழியும். விளக்கேற்றுகிற சின்ன மந்திரத்துக்கு ஒரு முடி நரைக்கும். புயலை நிறுத்தினால் ஒரு கொத்து நரைக்கும். ஆனால் முகத்தில் மட்டும் ஒரு சுருக்கமும் விழாது. அது ஏன் என்று நீர்வேலியிலிருந்து ஓர் அம்மா எழுதிக் கேட்டார். மந்திரம் உச்சந்தலை வழியாகத்தான் உயிரை வாங்கும், முகத்தில் கைவைக்க அதற்கு அதிகாரம் இல்லை என்று நீர் அடுத்த அத்தியாயத்திலேயே பதில் எழுதினீர். எத்தனை பேர் அதை மெச்சினார்கள்! ஒரு பண்டிதர் அதற்குத் தத்துவ விளக்கம்கூட எழுதி அனுப்பினார். நாம் இரண்டு பேரும் அதை வாசித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

உண்மைக் காரணம் என்னுடைய கட்டைதான். மரத்தில் மேடாக நிற்கிற இடம் மை பிடிக்கும், வெட்டிய இடம் வெள்ளையாக விழும். மேகவல்லியின் முகத்தை முதல் மாதமே வெட்டிப் பள்ளமாக்கிவிட்டேன். அங்கே ஒரு சுருக்கம் போட வேண்டுமானால் வெட்டிய மரம் திரும்ப முளைக்க வேண்டும். கூந்தலில்தான் மரம் மிச்சம் இருந்தது.

இரண்டாம் மாதம் அச்சுக்கூடத்தில் யாரோ அந்தக் கட்டையைக் கீழே போட்டு, கூந்தலில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அச்சடித்த தாளில் அது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. வேறு கட்டை வெட்ட நாள் இல்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உம்மிடம் கொண்டுவந்து காட்டினேன்.

நீர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர். “இவளுக்கு நரை விழுந்திட்டுது” என்றீர். “ஏன் விழுந்தது எண்டதை நான் சொல்லுறன், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ.”

அந்தச் சட்டம் பிறந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு மாதாமாதம் அதே கட்டையில் நீர் சொல்லுகிற அளவுக்கு நரை வெட்டுவேன். வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் கதையிலும் போன இளமை போனதுதான்.

வில்லன் சண்டரூபனுக்கு மட்டும் வயதே ஏறாது. அவன் மற்றவர்களுடைய ஆயுளை உறிஞ்சி அப்படியே இருக்கிறான் என்று எழுதினீர். அந்த முகம் யாருடையது தெரியுமா, வாசகர்களே? கூந்தல் எண்ணெய் விளம்பரத்துக்கு எங்கேயோ செய்த உலோகக் கட்டை. என் உளி அதில் இறங்காது. “உவன் இருந்தபடியே இருக்கட்டும். ஊரிலை உப்பிடி எத்தினை பேர் இருக்கினம்” என்று நீர் சொன்னீர்.

பிறகு உமக்கு இருமல் வந்தது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் தூதுவளை கொடுத்தார். பெரியாஸ்பத்திரி டொக்டர் கயரோகம் என்றார். ஒரு பின்னேரம் நான் கட்டையை மடியில் வைத்து வெட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே நீர் இருமிய சத்தத்தில் உளி வழுக்கிவிட்டது. மேகவல்லியின் இடப்பக்கப் புருவம் முழுதாகப் போய்விட்டது. நான் அழுதேன் என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். நீர் பாயில் படுத்தபடியே சிரித்தீர்.

“நீங்கள் விடுற பிழை எல்லாம் அவளின்ரை தலையிலைதான் விடியுது” என்றீர். அந்த மாதம் மேகவல்லி மூழ்கிய கப்பலைத் தூக்கி நிறுத்தினாள். அதற்கு விலையாக ஒரு புருவம் போனது; புருவமும் முடிதானே என்று எழுதினீர்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கதையில் மந்திரமே இல்லை. மேகவல்லி நடந்தாள், சமைத்தாள், கடற்கரையில் சிப்பி பொறுக்கினாள். கதை நகரவில்லை என்று பத்திராதிபர் என்னைக் கடிந்தார். நான் அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மில் காட்டினேன்.

“உவள் ஒரு மந்திரமும் சொல்லமாட்டாளே? வாசிக்கிற சனம் கொட்டாவி விடுகுது.”

“அவள் கொஞ்சம் இளைப்பாறட்டும்” என்றீர்.

உமது தலைமயிர் கொட்டத் தொடங்கியது அந்த மூன்று மாதத்தில்தான். சீப்பில் வந்ததைச் சுருட்டித் தலையணைக்குக் கீழே ஒளித்திருந்தீர். நீர் போன பிறகு பாயை எடுக்கும்போது கண்டேன். அவளுடைய கூந்தலில் நான் கைவைக்கக்கூடாது என்றுதானே அவளைச் சும்மா இருத்தினீர்? எனக்கு ஏன் அப்போதே விளங்கவில்லை? கட்டையில் ஒரு நூலளவு தவறினால் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. வீட்டுக்குள் பார்த்ததை மட்டும் அது ஏன் கணக்கில் எடுக்கவில்லை?

இப்போதைய செய்தியைச் சொல்கிறேன். நீர் போனதிலிருந்து தொடர் நின்றுபோய்க் கிடக்கிறது. கதையைப் பாதியில் விட முடியாது, இந்தத் தை இதழில் முடித்தே ஆகவேண்டும் என்று பத்திராதிபர் சொல்லிவிட்டார். எழுதியது நான்தான் என்று அவரும் நம்பியிருந்தார். சென்னையிலிருந்து தனுஷ்கோடிக் கப்பலில் ஒரு புதுக் கட்டையும் வரவழைத்துவிட்டார். அதில் மேகவல்லிக்குப் பதினாறு வயது. இடுப்புக்குக் கீழே இறங்குகிற கருங்கூந்தல், இரண்டு புருவம், கன்னத்தில் குழி. ஒரு முனிவர் வந்து வரம் கொடுக்க வேண்டும், அவளுக்கு இளமை திரும்ப வேண்டும், கதை முழுதும் அவளோடு கூடவே வருகிற இளவரசன் மாலை போட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

“எடே, சனம் அதைத்தான் கேக்குது. நரைச்ச பொம்பிளைக்கு ஆரடா மாலை போடுவான்?” என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. போன கிழமை வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு தண்டையல் அச்சுக்கூடத்துக்கே வந்தார், பாய்க்கப்பல் ஓட்டுகிறவர். கடலில் காற்றில்லாத பகலில் யாராவது ஒருவர் கதையை உரக்க வாசிக்க, கப்பலில் எல்லோரும் இருந்து கேட்பார்களாம்.

“தம்பி, அந்தப் பிள்ளைக்கு அவளின்ரை வடிவைத் திருப்பிக் குடுத்திடு. எங்களுக்காகத்தானே அவள் உவ்வளவையும் துலைச்சவள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை காய்த்துப்போன கை.

புதுக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முனிவரை வரவழைத்து நாலு பக்கம் எழுதினேன். எனக்கு எழுத வராது என்பது உமக்குத் தெரியும், ஆனாலும் எழுதினேன். அவள் நரை ஒவ்வொன்றாகக் கறுத்தது. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். நான் உம்மிடம் முன்பே ஒருமுறை சொன்ன பொய்தான் அது.

நீர் போவதற்கு ஐந்தாறு நாள் முன்பு, மத்தியானம், நான் கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தேன். நீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

“இஞ்சாருங்கோ, பொய் சொல்லாமல் சொல்லுங்கோ. நான் இப்ப எப்பிடி இருக்கிறன்?”

“அப்பிடியேதான் இருக்கிறீர். ஒண்டும் மாறேல்லை” என்றேன்.

நீர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர். “அப்ப நீங்கள் என்னைப் பாக்கவே இல்லை” என்றீர்.

அன்பில்தான் சொன்னேன் நாகம்மா. உம்மைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னேன். நீர் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீர்கூடக் கையால்தான் காட்டிக் கேட்டீர். அந்த ஐந்து நாளை நான் இன்னும் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

ஆகவே எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். புதுக் கட்டையைப் பத்திராதிபரிடமே திருப்பிக் கொடுத்து, எழுதியது யார் என்பதையும் சொன்னேன். அவர் கத்தினார். பிறகு கதிரையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “சனம் திட்டினால் நீதான் கேக்கோணும்” என்றார். ஓம், கேட்கிறேன். தண்டையல் ஐயாவும் என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் பிள்ளை உங்களுக்காகத் தொலைத்ததை நான் மறைத்துவிட்டால், அவள் ஒன்றும் தொலைக்கவில்லை என்று ஆகிவிடும்.

அடுத்த பக்கத்தில் கடைசி அத்தியாயம் இருக்கிறது, ஒரே பக்கம்தான். படம் பழைய கட்டையில் அடித்தது. மேகவல்லி இளவரசனிடம் உமது கேள்வியையே கேட்கிறாள். அவன், “தலை முழுதும் நரைத்துவிட்டது. ஒரு புருவம் இல்லை. எந்த நாளில் எது போனது என்று எனக்குத் தெரியும்” என்று சொல்லி, அவள் பக்கத்தில் இருக்கிறான். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

உமக்கும் பதில் சொல்லவேண்டும் அல்லவா? மாறித்தான் போனீர், நாகம்மா. தலைமயிர் முக்கால்வாசி போய்விட்டது. கன்னம் ஒட்டிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறியது. முப்பத்திரண்டு வயதில் கிழவியாகப் போனீர். நான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லத்தான் எனக்குத் துணிவு இருக்கவில்லை.

இனிமேல் உம்மைப் பற்றி யார் கேட்டாலும், கலியாணப் பந்தலில் இருந்த வடிவை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டேன். கடைசி நாளில் நீர் இருந்த கோலத்தையும் சொல்லுவேன், அதுவும் நீர்தான் என்று சொல்லுவேன். இது நான் உமக்குத் தருகிற வாக்கு.

உம்மைப் பார்த்துக்கொண்டே இருந்த
உமது மனுசன்,
சின்னத்தம்பி