மாமன் சீர் வந்த சைக்கிள்

என் அன்பு மச்சான் முத்தையா,

நேற்று உன் சைக்கிள் ஓடியது! இதை உன்னிடம் சொல்லத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து வந்ததும் வராததுமாகக் காகிதத்தை எடுத்தேன். எழுதி எந்தத் தபாலில் போடுவது என்று கேட்காதே. செடெனாக் ஸ்டேஷனிலிருந்து நம் எஸ்டேட்டுக்குத் தபால் பை கொண்டுவந்தவனே நீதானே.

உன் மருமகள் ராசாத்திக்குக் காது குத்தியாயிற்று. "என் தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்தா, மாமன் சீரை என் சைக்கிள்ல கொண்டாந்து எறக்குவேன், என் மடியிலதான் காது குத்தணும்" என்று கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் சவடால் விட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை பிறந்தாள். சீர் கொண்டுவர நீதான் இல்லை. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிவிட்டது மச்சான்.

உன் தங்கை வள்ளியின் பிடிவாதம் உனக்குத் தெரியும். "எங்க அண்ணன் மடி இல்லன்னா எங்க அண்ணி மடி. வேற மடியில என் புள்ளைய வைக்க மாட்டேன்" என்று எனக்குச் சோறு போடாத குறையாகச் சொல்லிவிட்டாள். தாலி இழந்தவள் மடியிலா என்று நம் லயத்து வீடுகளில் நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். உன் மனைவி செல்லம் காதிலும் அது விழுந்திருக்கிறது. நான் போய் அழைத்தபோது ஒரே பேச்சாகச் சொன்னாள்: "அவரு சைக்கிள்ல சீர் ஓடி வரணும் அண்ணே. வந்தா அவரே வந்த மாதிரி. அப்புறம் யாரு என்ன சொன்னாலும் நான் வந்து உக்காருவேன். சைக்கிள் ஓடலன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

நேற்றுக் காலையிலேயே உன் வீட்டுக்குப் போய், சுவரோரம் சாக்குப் போட்டு மூடியிருந்த சைக்கிளை வெளியே எடுத்தேன். டயருக்குக் காற்று அடித்தேன், நின்றது. சங்கிலிதான் துரு ஏறி விறைத்துக் கிடந்தது. நீ உயிரோடு இருந்தவரை அதை ஒருநாள் தொடவிட்டாயா? "கை வைக்காத மாப்ள, ஒனக்கு வராது" என்பாய். இன்றைக்குப் பார் என்று கறுவிக்கொண்டு சங்கிலியைக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேங்காய் நாரால் கணுக் கணுவாகத் தேய்த்தேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் கெஞ்சி வாங்கிவந்து போட்டேன். என்ன பளபளப்பு! அந்தச் சந்தோஷத்தில், கழற்றிய இரண்டு முனைகளையும் சாக்கின் மேலேயே வைத்து இணைத்து, இணைப்பைப் பூட்டும் கிளிப்பையும் அழுத்தி மாட்டி, முழு வளையமாக்கிவிட்டேன்.

நீ இப்போது சிரிக்கிறாய், தெரியும்.

வளையம் சைக்கிளில் ஏறவில்லை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். சைக்கிளையே தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தேன். பின்பக்கக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து போகவேண்டிய சங்கிலி, முழு வளையமாக இருந்தால் எப்படிப் புகும்? இது என் மண்டையில் ஏறுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. காது குத்த வந்திருந்த ஆசாரிக்கோ மத்தியான ரயில். அவசரத்தில் ஆணியை வைத்து கிளிப்பை நெம்பினேன். டிங்கென்று தெறித்துப் போய்விட்டது.

"அலமாக், போச்சே!" என்று நான் போட்ட சத்தத்தில் செல்லம் சீர்த்தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். இருவரும் புல்லை விரலால் கோதித் தேடினோம். நகத்தளவு கிளிப் அது. கிடைக்காவிட்டால் சீரும் இல்லை, அவளும் வரமாட்டாள். வள்ளி முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். கண்ணைத் துடைக்கலாம் என்று எழுந்தேன். என் கைலி மடிப்பிலிருந்து அது உருண்டு காலடியில் விழுந்தது.

செல்லம் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்கவேண்டும். ஒரு வருஷத்துக்கு அப்புறம் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். சங்கிலியைக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் பின்சக்கரத்தின் பல்லில் அடுத்தடுத்து மாட்டினாள். பல் பிடித்துக்கொண்டதால் முனைகள் நழுவவில்லை. இணைப்பை நுழைத்தாள். கிளிப்பை நான் வைக்கப்போனபோது கையைத் தட்டிவிட்டாள். "திருப்பி வைங்கண்ணே. இது மீன் மாதிரி இருக்கில்ல? தலை முன்னாடி ஓடணும், பொளந்த வாலு பின்னாடி. மாத்தி வச்சா வழியில கழண்டு விழும்னு அவரு சொல்லுவாரு."

எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லாததை அவளிடம் எத்தனை தடவை சொன்னாயோ!

சீர்த்தட்டைத் துணியில் பொதிந்து பின்னால் கட்டினேன். "நான் தள்ளிக்கிட்டு முன்னால போறேன். நீ பின்னால நடந்து வாம்மா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தள்ளிக்கிட்டுப் போறதுக்கா அண்ணே சங்கிலி மாட்டினோம்?"

புடவையைத் தார்பாய்ச்சிச் செருகினாள். பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டாள். போய்விட்டாள்! அடப் பாவி, எப்போது கற்றுக்கொடுத்தாய்? எங்கே? ஒருவர் கண்ணிலும் படாமல் எப்படி? நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

உன் மணிச்சத்தம் கேட்டு வள்ளி வாசலுக்கு ஓடிவந்தாள். "அண்ணே!" என்று கத்தினாள். அப்புறம்தான் வருவது யார் என்று பார்த்தாள். முகம் சுளித்த நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு வழிவிட்டார்கள். செல்லம் இறங்கி, சைக்கிளைப் பக்கத்திலேயே நிறுத்தி, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். ராசாத்தி எட்டி உன் மணியைப் பிடித்துக்கொண்டு அடித்தபடியே இருந்தாள். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்த பிறகுதான் அழவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வந்தது.

மாசம் ஒருமுறை சங்கிலியைக் கழற்றித் துடைப்பேன் மச்சான், சத்தியம். மாட்டுவது மட்டும் செல்லம்தான். எனக்கு வராது என்று நீ சொன்னது சரி. ஆனால் உன் மருமகளுக்குக் கால் எட்டும் நாளில், அந்த மீனை எந்தப் பக்கம் பார்த்து வைக்கவேண்டும் என்று அவளுக்குக் காட்டப்போவது அவள் அத்தை. பின்னால் ஓடப்போவது நான்.

இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி புருஷன்,
உன் மாப்ள