ஏரிமேல் ஒரு காடு

21-11-91, வியாழன்

வரைபடத்தில் அம்பத்தூர் ஏரியின் ஒரு மூலையைக் காடு என்று குறித்துவிட்டேன். செயற்கைக்கோள் படத்தில் செடிகொடி எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். அங்கே அடர் சிவப்பு. சாயங்காலம் காபி கொண்டுவந்த கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தினமும் அந்தக் கரை வழியாகத்தான் பட்டறைக்குப் போகிறார்.

“இன்னா காடு? ஆகாயத்தாமரை மூடிகினு கீது. வா, காட்றேன்.”

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கி, “இந்தா, உன் காடு” என்று நீட்டினார்.

போன மாதம் அனுப்பிய, யானைகள் வாழும் காட்டின் வரைபடத்திலும் ஒரு அணை இருக்கிறது. அதன் தண்ணீரிலும் ஆகாயத்தாமரையைக் காடு என்று குறித்திருப்பேனோ? அங்கே இவர் சைக்கிள் போகாதே.

செடி வாளியில் மிதக்கிறது. ‘காடு’ என்பதை அழித்துவிட்டேன். வரைபடத்தின் ‘நேரில் சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில், நேரில் போகாமலே, எப்போதும் என் பெயர்தான். இன்று இவர் பெயரை எழுதினேன்.