கணவன் குரலுக்குப் புது ஆள்

வியாழன், இரவு.

கார்ட்டூன் தொடரில் பல வருடமாக மனைவிக்கு நான்தான் குரல். கணவனுக்குப் பேசிய மணியம் அண்ணன் போன மாதம் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். இன்று பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் அவர் இடத்தில் புது ஆள். கண்ணை மூடிக்கொண்டால் அண்ணனேதான்.

காட்சியில், மீன் பிடிக்கப் போன கணவன் விடிந்தபின் வீடு திரும்புகிறான். நான் திட்ட வேண்டும். இரண்டு தரம் வாய் திறந்தும் குரல் வரவில்லை.

"நான் பேசுறது நல்லா இல்லையாக்கா?" என்று புது ஆள் பயந்துபோய்க் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. அதான்..."

மூன்றாம் தரம் கத்தியே விட்டேன். "சொல்லாம கொள்ளாம எங்கய்யா போன?" கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். "சூப்பர் அக்கா! இந்த எடத்துல எல்லாரும் சிரிப்பாங்க லா."