மாதா கோவிலுக்கு ஒரு தடுப்பு

ஆனி 9, திங்கள்

காலை முதல் சாரல். கொட்டகைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. உளியெல்லாம் துருப் பிடிக்கிறது. வாங்க வேண்டியவை: வேப்பெண்ணெய், ஆணி, அரம் ஒன்று (உத்தமபாளையம் சந்தையில் கிடைத்தால்).

மழையிலும் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பெஞ்சில். கீழத்தெரு சின்னப்பன் அடித்த துளையில் கட்டை இறுகி உட்கார்ந்தது. திரினிடாட் கரும்புத் தோட்டத்துப் பள்ளிகளில் இதைத்தானே செய்தேன். எழுத்தோடு கைத்தொழில், எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. ஒரு தோட்டத்தில் ஆரம்பித்தது, தீவின் பல பள்ளிகளுக்கும் போனது. அதைச் சொல்லித்தான் இங்கேயும் தொழிற்பள்ளி திறந்தேன். மனதில் கொஞ்சம் கர்வம் இன்று.

சாயங்காலம் மச்சான் வந்தார். என் மனைவி அருளாயியின் அண்ணன் மட்டுமா, மேலத்தெரு நாட்டாமையும் அவர்தான். கொட்டகை நிற்பதும் அவர் நிலத்தில்.

"மாப்பிள்ள, பள்ளிக்கொடத்துக்கு மொத வேல கொண்டாந்திருக்கேன்."

மாதா கோவிலுக்கு மரத் தடுப்பு வேண்டுமாம். பூசை நேரத்தில் இரண்டு தெருவுக்கும் நடுவே கட்டுகிற கயிறு தொய்ந்துபோகிறதாம்.

"சின்னஞ்சிறுசுக குனிஞ்சு இங்கிட்டு வந்துருதுக. திருநாளுக்குள்ள நெஞ்சு ஒசரத்துக்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனி 10, செவ்வாய்

அதே சாரல். பங்குச்சாமியாரிடம் போனேன். ஊர் வழக்கம், தான் வந்ததற்கு முந்தியே இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்.

அருளாயியிடம் சொன்னேன். "அண்ணன் மனசு கோணுச்சுன்னா ஒங்க பெஞ்சத் தூக்கித் தெருவுலதான் போடணும்" என்றாள். பிறகு ஒரு சிரிப்பு. "அங்கன புலியா இருந்தேன்னு சொன்னீக. இங்கன வந்ததும் பூனையாயிட்டீகளே."

நிஜம்தான். அங்கே சாதி பேசிய பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். பெரிய துணிச்சல். அங்கே எனக்கு மாமன் மச்சான் யாரும் இல்லையே, துணிச்சலுக்கு என்ன குறை?

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வருகிறார். வெளியாருக்குச் செய்த வேலை ஏதாவது இருந்தால்தான் சர்க்கார் உதவித்தொகை என்று போன தடவையே சொன்னவர். உதவித்தொகையும் இல்லை, கொட்டகையும் இல்லை என்றால் பள்ளி மூடல். சின்னப்பன் மறுபடி மாடு மேய்ப்பான். அவனுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மச்சானிடம் சரி என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது.

ஆனி 13, வெள்ளி

வருசநாட்டு வண்டியில் தேக்கு வந்தது. நல்ல மரம். பிள்ளைகளுக்கு அளவு சொன்னேன்.

சின்னப்பன் கேட்டான், "என்னதுக்குய்யா இது?"

"கோவிலுக்கு."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. மேலத்தெருப் பயல் ஒருவன் சொல்லிவிட்டான். "ஏலே, ஒங்கள அங்கிட்டே நிப்பாட்டத்தான்டா." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. சின்னப்பன் இழைப்புளியை எடுத்து வேலையில் குனிந்தான். நான் மழையைப் பார்க்கிறவன்போல வெளியே போய் நின்றேன்.

என்னை நினைத்தால் சீ என்று இருக்கிறது.

ஆனி 16, திங்கள்

வெயில் தலை காட்டியது. இன்ஸ். வந்து போனார். தடுப்பைத் தட்டிப் பார்த்தார், பொருத்துகளை விரலால் தடவினார். யார் வேலை என்றார். சின்னப்பனை முன்னால் நிறுத்தினேன். பேஷ், பேஷ். உதவித்தொகைக்கு எழுதுகிறாராம். திரினிடாட் முறை மற்ற தாலுகாக்களுக்கும் போக வேண்டுமாம். தலையாட்டினேன். தடுப்பு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

அவர் போனதும் சின்னப்பன் வந்தான். "ரெண்டு பக்கமும் வழவழன்னு இழைக்கணுமாய்யா? அவுக பக்கம் மட்டும் போதுமா?"

ரெண்டு பக்கமும் என்றேன். அந்த மட்டும் சமத்துவம்.

அரம் இன்னும் வாங்கவில்லை.

ஆனி 22, ஞாயிறு

திருநாள். மழை இல்லை, நல்ல கூட்டம். தடுப்பு நின்றுவிட்டது. நான் மேலத்தெருப் பக்கம், முன்வரிசை, மச்சானுக்குப் பக்கத்தில். பூசை முழுக்கத் தலை நிமிரவில்லை.

பூசை முடிந்து சின்னப்பனின் அப்பா சவரிமுத்து தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பெரியாற்று அணை வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றுகிற வண்டிக்காரர். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நிம்மதி. அவர் மேல்கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார்.

"அசையலையே வாத்தியாரய்யா. எம் மகன் வேலையா இது? நீங்க இல்லேன்னா அவனும் எங்கூட வண்டி மாடு பத்திக்கிட்டுத்தான் திரிவான்."

கும்பிட்டார். பரிகாசமா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, கண் கலங்கியிருந்தது. நானும் என் பக்கத்திலிருந்தே கும்பிட்டேன். குன்றிப்போனேன்.

வாசலில் மச்சானோடு பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள். அவர்கள் கோவிலுக்கும் இதேபோல் ஒன்று வேண்டுமாம். மச்சான் என் தோளில் கை போட்டு, "எல்லாம் எங்க மாப்பிள்ள பள்ளிக்கொடத்து வேல" என்றார்.

எத்தனை அடி நீளம் என்று கேட்டேன்.